வழிச்செலவு யார் கணக்கில்?

(ஒரகடத்தில் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, காலனியக் காவல் பணியிலிருந்து நீக்கப்பட்ட ஆட்களை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பது. தலைப்பைச் சொன்னதும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, ஒரகடத்துல உட்கார்ந்துகிட்டு ஷாங்காய் போலீஸ்காரனைப் பத்தி எதுக்குப் பேசணும்? நம்மைச் சுட்டவன் போலீஸ்காரன்தானே?" ரெண்டு கேள்வியும் நியாயமானவை. ரெண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

நான் கவிதை எழுதுகிறவன். ஆனால் சோறு போடுவது வங்கிக் குமாஸ்தா வேலை. அந்த வேலை எனக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. யார் என்ன சொன்னாலும் 'இது எந்தக் கணக்கில் பற்று, எந்தக் கணக்கில் வரவு' என்று பார்க்கத் தோன்றும். வரலாற்றையும் கொஞ்சம் அப்படிப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் காவல் வேலைக்கு ஆள் எடுத்ததில் ஒரு விதி இருந்தது. உள்ளூர்க்காரனை அடிக்க உள்ளூர்க்காரனை நம்பாதே. ஹாங்காங்கில் 1867-ல் பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைக் கொண்டுபோய் போலீஸ் ஆக்கினார்கள். ஷாங்காய் சர்வதேசக் குடியிருப்பில் 1880களில் அதே ஏற்பாடு வந்தது. பஹ்ரைனில் 1924-ல் மஸ்கட்டிலிருந்து திரட்டிய பலூச்சிகளைக் கொண்டு ஒரு காவல்படை அமைத்தார்கள். 1926 ஆகஸ்டில் அந்தப் படையின் சிப்பாய் ஒருவன் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள், பிரிட்டிஷ் அரசியல் முகவர் மேஜர் டேலி காயம்பட்டார். சுட்டவன் ஒருத்தன். கலைக்கப்பட்டது முழுப்படை. அடுத்து பஞ்சாபிகளைக் கொண்டுவந்தார்கள். 1930களில் அவர்களையும் விலக்கி உள்ளூர் ஆட்களை வைத்தார்கள்.

இந்த மாதிரி வேலையில் மூன்று பேர் சம்பந்தப்படுகிறார்கள். சம்பளம் கொடுப்பவன் ஒருத்தன்: பஹ்ரைன் ஷேக்கின் அரசு, ஷாங்காய் நகராட்சி மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் பிடித்துக் கொடுப்பவன் இன்னொருத்தன். இவர்கள் ரெண்டு பேருக்கும் மேலே இருந்துகொண்டு 'எல்லாம் என் நலனுக்காக நடக்கட்டும்' என்கிற பிரிட்டிஷ் பேரரசு மூன்றாவது. வேலைக்கு எடுக்கும்போது மூவரும் ஒன்றாக நிற்பார்கள். நீக்கும்போது, இவனைக் கப்பலேற்றும் செலவு யாருடையது என்று கேட்டால், ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். முதன்மை நிறுவனம், காண்ட்ராக்டர், துணைக் காண்ட்ராக்டர் என்று இந்த ஒரகடத்தில் நீங்கள் பார்க்கிற அதே ஏற்பாடுதான். தம்பியின் முதல் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

ஷாங்காயைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அந்தக் குடியிருப்பு பிரிட்டிஷ் காலனி அல்ல. வரிகட்டும் வெளிநாட்டு வியாபாரிகள் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றம்தான் போலீஸை வைத்திருந்தது. மன்றத்தில் பிரிட்டிஷ்காரர் கைதான் ஓங்கியிருந்தது. சீக்கியன் அங்கே நகராட்சியின் ஊழியன், ஆனால் பிரிட்டிஷ் குடிமகன். தப்பு செய்தால் பிரிட்டிஷ் நீதிமன்றம் விசாரித்து நாடு கடத்தும். வேலை போனால் நகராட்சிக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. அப்படி வேலை போனவர்கள் நிறையப் பேர் அங்கேயே கிடங்குக் காவலாளியாக, வட்டிக்கு விடுபவனாக ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டிக்கொள்ளவும் லேசில் முடியாது. 1925 மே 30 அன்று நான்ஜிங் சாலையில் சீன மாணவர்கள் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. உத்தரவிட்டவர் எவர்சன் என்ற பிரிட்டிஷ் இன்ஸ்பெக்டர். சுட்டவர்கள் சீக்கியக் காவலர்களும் சீனக் காவலர்களும். உத்தரவிட்டவனுக்குப் பக்கத்தில் தூதரகம் இருக்கு. அந்த நகரத்துத் தெருவில் தலைப்பாகையோடு நடக்க வேண்டியவன் சீக்கியன்.

1943 ஜனவரியில் பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அந்தக் குடியிருப்பே முடிவுக்கு வந்தது. குடியிருப்பின் கடன்களையும் கடமைகளையும் சீன அரசு ஏற்று நிறைவேற்ற வழி செய்யும் என்று ஒரு வாசகம் போட்டார்கள். அப்போது ஷாங்காய் ஜப்பான் படையின் பிடியில் இருந்தது. சம்பளம் கொடுத்த நகராட்சி இல்லை. பொறுப்பேற்ற அரசின் கை அந்த ஊருக்கு எட்டவில்லை. பேரரசு பேனாவை மூடி வைத்துவிட்டது. இதை எங்கள் மொழியில் சொன்னால், கணக்கை முடித்துவிட்டார்கள், பாக்கியைப் பட்டுவாடா செய்யவில்லை.

சரி, அரசு தானாகவே முன்வந்து, தன் செலவில் ஆட்களை ஊருக்கு அனுப்பிய சம்பவம் உண்டா? உண்டு. 1914-ல் கோமகாட்டா மாரு கப்பல் ஹாங்காங்கிலிருந்து கனடா போனது. 376 பயணிகள். பெரும்பாலோர் பஞ்சாப் சீக்கியர்கள். அவர்களில் முன்னாள் சிப்பாய்களும் கிழக்காசியத் துறைமுகங்களில் போலீஸ்காரனாகவும் காவலாளியாகவும் இருந்தவர்களும் உண்டு. பேரரசுக்காகத் துப்பாக்கி தூக்கினோமே, பேரரசின் இன்னொரு நாட்டில் பிழைக்க விடமாட்டாயா என்பது அவர்கள் கேள்வி. கனடா இறங்க விடவில்லை. ஜூலை 23-ல் போர்க்கப்பலைக் காவல் வைத்துத் திருப்பி அனுப்பியது. செப்டம்பர் 29-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பட்ஜ் பட்ஜில் கப்பல் நின்றபோது, பஞ்சாபுக்கு நேராகப் போக ரயில் தயாராக நின்றது. 'ஏறு' என்றார்கள். பலர் ஏற மறுத்துக் கல்கத்தாவை நோக்கி நடந்தார்கள். சூடு நடந்தது. பயணிகளில் ஏறக்குறைய இருபது பேர் செத்தார்கள்.

ரயில் கட்டணத்தை அரசுதான் போட்டது தோழர்களே. ஊருக்கு அனுப்புவது என்பது எப்போதும் உதவி அல்ல, சில சமயம் அது போலீஸ் நடவடிக்கை. பொறுப்பு என்று நாம் கேட்பது, போகிறவன் தன் விருப்பத்தோடு, கூலிபாக்கி வாங்கிக்கொண்டு, மானத்தோடு போய்ச் சேர்வதற்கான பொறுப்பு.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம், இது நம்ம ஆட்கள் கணக்கு. மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் கணிசமானோர் சேரி ஜனங்கள். அங்கே 1907-ல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் ஆள் கணக்குப்படி பணம் கட்ட வேண்டும். ஆள் வருவதற்கான கப்பல் செலவு அதிலிருந்து. திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்து. ஆக, முதலாளியிடமிருந்து முன்கூட்டியே வழிச்செலவை வசூலித்து வைப்பது நடக்காத காரியம் அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடியே செய்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த நிதி எப்படி வேலை செய்தது? உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்ததும், 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேலான இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறும்போது கூப்பிடு, இறங்கும்போது ஏற்றி விடு. பட்டினியை மலேயாவில் வைத்துக்கொள்ளாமல் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ஏற்றுமதி செய்தார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்ததும் முதலாளியின் பேரேட்டில் அந்த ஆள் கணக்கு முடிந்தது. ஆளின் கணக்கு அங்கே முடியவில்லை. அவன் எங்கே போய் இறங்கினான்?

இதுதான் தலித்துகளாகிய நாம் இந்தத் தலைப்பில் கேட்க வேண்டிய கேள்வி. ஊருக்கு அனுப்பு என்கிறார்கள். எந்த ஊருக்கு? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நாட்டில் 'ஊருக்குப் போ' என்று சொன்னால் நமக்கு அதன் அர்த்தம் என்ன?

1892-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பிறகு 'போர்க்குணச் சாதிகள்' என்று ஒரு தத்துவம் வந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதற்குப் பெரிய வக்கீல். அதற்கு முன்னால் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்துவிட்டு, தெற்கத்திச் சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லை என்று தீர்ப்பு எழுதியவர். அந்தக் காலத்தில் சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 10-வது சென்னைக் காலாட்படையின் எண்ணை எடுத்து, பர்மாவின் கூபோ பள்ளத்தாக்கில் இருந்த ராணுவப் போலீஸ் பட்டாலியனுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் 10-வது கூர்க்கா என்று சொல்லப்பட்ட படையின் மூலம் அதுதான். நம்பர் இருந்தது, ஆள் போய்விட்டான். மகர்களைச் சேர்ப்பதும் 1892 வாக்கில் நிறுத்தப்பட்டது.

தனி ஆள் செய்த குற்றத்துக்காக நீக்குவது ஒன்று. சாதியையே நீக்குவது இன்னொன்று. இங்கே நடந்தது சாதியையே நீக்கியது. அவர்களை யாரும் கப்பலில் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. கன்டோன்மென்ட்டிலிருந்து சேரிக்குத்தான் தூரம். ஆனால் அந்தத் தூரம் ஷாங்காயிலிருந்து பஞ்சாபுக்கு உள்ள தூரத்தைவிட அதிகம். படையில் சீருடை, சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வெளியே வந்தால் கிணற்றில் தண்ணீர் இல்லை. பாபாசாகேப் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். 1901-ல் கோரேகாவில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்க, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போன பிள்ளைகளுக்கு, சாதி தெரிந்ததும் வண்டிக்காரன் வண்டியோட்ட மறுத்தான், ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். சிப்பாயை வீட்டுக்கு அனுப்பிய அரசு, வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு குவளைத் தண்ணீருக்குப் பொறுப்பேற்கவில்லை.

அந்தச் சிப்பாய்கள் சும்மா இருக்கவில்லை. ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர் 1894-ல் மனு எழுதினார். சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே 1910-ல் மனு அனுப்பினார். முதல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1917-ல் 111-வது மகர் படையை உண்டாக்கினார்கள், 1921-ல் கலைத்தார்கள். இரண்டாம் போருக்கு மறுபடியும் 1941-ல் மகர் ரெஜிமென்ட். 1943-ல் சமார் ரெஜிமென்ட், போர் முடிந்ததும் 1946-ல் அதையும் கலைத்தார்கள். இதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெரிய பெயர் வைத்திருப்பார்கள். நம்ம மொழியில் இது தினக்கூலி.

அதே நேரத்தில் பஞ்சாபில் என்ன நடந்தது? கால்வாய் வெட்டி, பாசன நிலத்தை முன்னாள் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். 1900-ல் நில மாற்றுச் சட்டம் கொண்டுவந்து, 'விவசாயச் சாதி' அல்லாதவர் விவசாயச் சாதியிடம் நிலம் வாங்க முடியாது என்று தடுத்தார்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்களில் பஞ்சாபின் தலித்துகள் இருந்தார்கள். ஆக, வேலை முடிந்து திரும்பியவன் கால் ஊன்ற ஒரு துண்டு நிலம் தேவை என்பது வெள்ளைக்காரனுக்குத் தெரியும். யாருக்குக் கொடுப்பது என்பதைச் சாதி பார்த்து முடிவு செய்தான்.

இப்போ நம்ம மண்ணுக்கு வருவோம். அந்த 1892-லேயே, செப்டம்பர் 30 அன்று, சென்னை அரசு ஓர் ஆணை போட்டது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைதான் அதற்குக் காரணம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கு, பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அப்புறமும் அவர்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த நிலம். பஞ்சமி நிலம். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த ஒரகடம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. ஒரு கையால் படைக்கதவைச் சாத்திய அதே வருஷம், இன்னொரு கையால் நிலத்தை நீட்டினார்கள். இந்த ரெண்டு காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். திரும்பி வருகிறவனுக்கு 'வீடு' என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமானால், அது அந்த நிலம்தான்.

அந்த நிலம் என்ன ஆச்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை, ரெண்டு பேர் செத்தார்கள். வீடு கேட்டவனுக்கும் குண்டு.

இங்கேதான் தம்பியின் இரண்டாவது கேள்வி. சுட்டவன் போலீஸ்காரன்தானே, நீக்கப்பட்ட போலீஸ்காரனுக்காக நாம் ஏன் பேசணும்? 1995-ல் கொடியன்குளத்தில் வீடு புகுந்து அடித்தது, 1999 ஜூலை 23-ல் தாமிரபரணியில் 17 பேர் சாவுக்குக் காரணமானது, எல்லாம் காக்கிதான். மறக்கச் சொல்லவில்லை. ஆனால் ரெண்டு கடனை ஒரே கணக்கில் எழுதக்கூடாது. சுட்டவன் சுட்டதற்குப் பதில் சொல்லணும். உத்தரவிட்டவன் உத்தரவுக்குப் பதில் சொல்லணும். அது ஒரு கணக்கு. அழைத்து வந்தவன், வேலை முடிந்ததும் கூலி கொடுத்துக் கொண்டுபோய் விடணும். அது வேறு கணக்கு. குற்றம் செய்தான், அதனால் வழிச்செலவு கிடையாது என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், நாளைக்கு ஒவ்வொரு தொழிலாளி மேலும் ஒரு குற்றம் எழுதப்படும். சங்கம் வைத்தான், சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினான், மூணு நாள் லீவு போட்டான். பஹ்ரைனில் ஒருத்தன் சுட்டதற்கு ஒரு படையே போனது. ஒரு ஷிப்டில் ஒருத்தன் கத்தினால் அந்த காண்ட்ராக்டே ரத்தாவதை இங்கே சிலர் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கு. ஷாங்காய்ச் சீக்கியனைக் கைவிட்டதால் உத்தரவிட்டவனுக்குத் தண்டனை கிடைத்ததா? இல்லை. செலவு மிச்சம் ஆனது, அவ்வளவுதான். கருவியை வீசி எறிவது நீதி அல்ல. அது முதலாளிக்கு லாபம்.

இந்தச் சாலைக்கு வருவோம். சிங்கப்பெருமாள் கோயில் சாலையும் வாலாஜாபாத் சாலையும் வெட்டிக்கொள்ளும் இந்த இடத்தைச் சுற்றி கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று என்னென்னமோ செய்கிறார்கள். ஒவ்வொரு கேட்டிலும் நீலச் சட்டைக் காவலாளி. ஊர்க்காரன் உள்ளே வந்து வேலை கேட்டால் தடுக்க வேறு மாவட்டத்துக்காரன், வேறு மாநிலத்துக்காரன். பழைய விதி மாறவில்லை. என் கவுன்ட்டருக்கு வருகிறார்கள். பாஸ்புத்தகத்தை நீட்டி, "சார், பணம் ஏறிடுச்சா பாருங்க" என்கிறார்கள். வேலையை விட்டு நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருக்கும். கடைசிச் சம்பளம் ஏறியிருக்காது. அறை வாடகை ஏறிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போகவும் காசில்லை, இருக்கவும் காசில்லை. இந்த இடைப்பட்ட நாட்கள் எந்த முதலாளியின் பேரேட்டிலும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1979-ல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டத்தில், காண்ட்ராக்டர் போகவும் வரவும் பயணப்படி தர வேண்டும், பயண நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டும், அவன் தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற கதைக்கு அதில் முடிவு இருந்தது. 2020 மார்ச் 25-ல் நாட்டைப் பூட்டியபோது அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது, லட்சக்கணக்கான ஜனங்கள் சாலையில் நடந்தார்கள். மே 8-ல் அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது. மே 28-ல்தான் உச்சநீதிமன்றம், தொழிலாளியிடம் பயணக் கட்டணம் வாங்காதே, மாநிலங்கள் பகிர்ந்து கொடுங்கள் என்றது. கவனியுங்கள், முதலாளி கொடு என்று சொல்லவில்லை. அதே 2020-ல் நிறைவேறிய சட்டத்தொகுப்பு 1979 சட்டத்தை விழுங்கியது. இடப்பெயர்வுப்படி காணாமல் போனது. வருஷத்துக்கு ஒருதரம் போய்வரும் கட்டணம் என்பது மிஞ்சியது. பழைய சட்டத்திலும் ஓட்டை உண்டு. ஒடிசாவிலிருந்து வந்தவனுக்குப் பொருந்தும், விழுப்புரத்திலிருந்து வந்தவனுக்குப் பொருந்தாது. சேரியிலிருந்து கிளம்பி மாநில எல்லையைத் தாண்டாதவன் இடம்பெயர்ந்தவனே இல்லையாம்.

ஆகவே நான் முன்வைப்பது இவ்வளவுதான். வேலைக்கு எடுக்கும் தாளிலேயே, நீக்கினால் வழிச்செலவு யார் தருவது என்று பெயர் போட்டு எழுத வேண்டும். காண்ட்ராக்டர் பெயருக்குக் கீழே கம்பெனியின் பெயர். குற்றச்சாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைசிக் கூலி கைக்கு வந்த பிறகுதான் அறையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். மலேயா முதலாளி கட்டியதுபோல இங்கே உள்ள முதலாளிகளும் ஒரு பொது நிதியில் முன்பணம் கட்டட்டும், ஆனால் அதை எப்போது எடுப்பது என்பதைத் தொழிலாளி முடிவு செய்யட்டும். மாநில எல்லை, மாவட்ட எல்லை என்ற பேதம் வேண்டாம்.

கடைசியாக நிலம். மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் உங்கள் கிராமத்தில் பஞ்சமி நிலம் எந்த சர்வே எண்ணில் இருந்தது, இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் தரமாட்டார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், மேல்முறையீடு போடுங்கள். கேட்டில் நிற்கும் அந்தக் காவலாளியும், அவனால் தடுக்கப்படும் நம்ம பையனும், ரெண்டு பேருமே போய்ச் சேர இடம் இல்லாததால்தான் கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்கிறார்கள். வழிச்செலவை முதலாளியிடம் கேட்போம். வழியின் முடிவில் இருக்க வேண்டிய வீட்டையும் நிலத்தையும் அரசிடம் கேட்போம். ரெண்டையும் சேர்த்தே கேட்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வெறும் கையோடு வராதீர்கள். ஆளுக்கு ஒரு சர்வே எண் கொண்டு வாருங்கள்.